பானைச் சோறும் ஒரு கோடிச் சீட்டுகளும்

புள்ளியியல் என்றதும் சராசரி, இடைநிலை, முகடு என்று கூட்டி வகுக்கும் கணக்குகளே நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கூட்டலுக்கும் முன்னதாக ஒரு கேள்வி உண்டு. எண்களை யாரிடமிருந்து திரட்டினோம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைச் சோறு முழுவதும் ‘முழுமைத் தொகுதி’. எடுத்துப் பார்க்கும் சோறு ‘கூறு’. ஆனால் பதம் பார்க்குமுன் அம்மா அகப்பையால் ஒருமுறை கிளறிவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே அரிசியாகவும் அடியில் குழைந்தும் இருக்கலாம் அல்லவா? கிளறாத பானையில் ஒரு கரண்டி நிறைய எடுத்தாலும் பதம் தெரியாது.

1936-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. அதன் முடிவை முன்கூட்டியே அறிய விரும்பிய ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வார இதழ், ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிரப்பி அனுப்பினர். எவ்வளவு பெரிய கூறு! லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது இதழ். வென்றவரோ ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-இல்!

ஏன் இப்படி? முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அதுவோ பொருளாதார மந்த காலம். ஏழை வீட்டில் தொலைபேசி ஏது? ரூஸ்வெல்ட்டை விரும்பிய ஏழைகள் பலரை யாரும் கேட்கவே இல்லை. சீட்டுப் பெற்றவர்களிலும் நான்கில் ஒருவருக்கும் குறைவானவரே பதில் அனுப்பினர். ஜார்ஜ் கேலப் என்பவர் இதைவிட மிகச் சிறிய கூற்றைக் கொண்டே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகக் கணித்தார்.

நம் பள்ளிக்கு மாணவியர் சராசரியாக எவ்வளவு தூரம் நடந்து வருகின்றனர் என்று அறிய, விடுதி மாணவியரை மட்டும் கேட்டால் எப்படியிருக்கும்? (முற்றத்தைக் கடக்கும் தூரம்தான் விடையாக வரும்!) எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த பெயர்களைக் கேட்பதே முறை. ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்பு இருப்பதால் இது ‘சமவாய்ப்புக் கூறு’ எனப்படும். பானையைக் கிளறுவதும் இதுவே.

நம் நாட்டில் இம்முறையை வளர்த்தவர் பேராசிரியர் மகலனோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவரே. இவருடைய முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. கணக்கெடுக்கச் செல்பவர், பக்கத்து மாடி வீட்டார் நாற்காலி போட்டு வரவேற்கிறார் என்று தம் விருப்பம்போல் அங்கே போய்விட முடியாது. தேர்வில் வந்தது கடைசித் தெருக் குடிசையானால், அந்தக் கதவைத்தான் தட்டவேண்டும்.