பதினொரு பக்க டொலர்

ரொறன்ரோவில் ஒரு டோநட் கடையில் நான் காசுப்பெட்டிக்கு முன்னால் நிற்கத் தொடங்கியபோது ஒரு டொலர் தாளும் புழங்கியது, ஒரு டொலர் குற்றியும் புழங்கியது. 1987இல் வந்த அந்தக் குற்றியில் லூன் என்ற நீர்ப்பறவை இருந்தது. அதனால் சனங்கள் அதை 'லூனி' என்றார்கள். ஆனால் விரும்பவில்லை. சட்டைப்பை கனக்கிறது என்பார்கள், மிச்சக்காசைத் தாளாகத் தரச்சொல்லிக் கேட்பார்கள். 1989 நடுப்பகுதியில் கனடா வங்கி ஒரு டொலர் தாள் வெளியிடுவதை நிறுத்தியது. பெட்டிக்கு வரும் தாள்கள் குறைந்துகொண்டே போய் ஒருநாள் இல்லாமற் போயின. முறைப்பாடும் அதோடு போய்விட்டது.

நியூ ஜேர்சியில் இருக்கும் என் தங்கையின் கைப்பையில் இன்றும் கசங்கிய ஒரு டொலர் தாள்கள்தான். இத்தனைக்கும் அமெரிக்கா எங்களுக்கு முன்னரே முயன்ற நாடு. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. அன்ரனியின் முகத்தோடு 1979இல் ஒரு டொலர் குற்றி வந்தது. அதைப் பதினொரு பக்கங்களோடு வெட்டத்தான் முதலில் நினைத்தார்கள். விற்பனை இயந்திரக்காரர்கள் மறுத்ததால் குற்றி வட்டமாயிற்று. பதினொரு பக்கமும் உள்ளே ஒரு கோடாக மட்டும் நின்றது. குறுக்களவு 26.5 மில்லிமீற்றர். 25 சென்ட் குற்றிக்கோ 24.26. நிறமும் ஒன்று, விளிம்பு வரிகளும் ஒன்று. அவசரத்தில் சனங்கள் டொலரைக் கால் டொலராக நீட்டிவிட்டு நட்டப்பட்டார்கள். எங்கள் லூனிக்கும் அதே 26.5 மில்லிமீற்றர்தான். ஆனால் அது பொன்னிறம், பதினொரு பக்கமும் விளிம்பிலேயே இருக்கிறது.

2000இல் சக்காஜவியா என்ற பூர்வகுடிப் பெண்ணின் உருவத்தோடு அமெரிக்கா மறுபடி முயன்றது. பொன்னிறம், மழமழப்பான விளிம்பு. நல்ல குற்றி அது. அதே ஆண்டு அமெரிக்க டொலரைத் தன் நாணயமாக்கிக்கொண்ட எக்குவடோரில் சந்தைக்காரர்கள் இன்றும் அதைத்தான் மாற்றிக்கொள்கிறார்கள். சொந்த நாட்டில் மட்டும் எடுபடவில்லை. 2007 முதல் ஜனாதிபதிகளின் முகங்களைப் போட்டும் பார்த்தார்கள். 2011 இறுதியில் புழக்கத்துக்கு அடிப்பதையே நிறுத்தியபோது அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் பெட்டகங்களில் கேட்பாரற்று 140 கோடி டொலர் குற்றிகள் கிடந்தன. பழகிய தாள் பெட்டியில் இருக்கும்வரை எவரும் குற்றியைக் கேட்டு வாங்கமாட்டார்கள். கனடாவும் பிரித்தானியாவும் தாளை எடுத்தன, அமெரிக்கா எடுக்கவில்லை. வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அமெரிக்காவும் தாளை எடுக்கவேண்டும் என்பேன். ஆனால் பணம் மிச்சமாகும் என்ற வாதத்தை நான் இப்போது முன்வைக்கமாட்டேன். காங்கிரசுக்காகக் கணக்குப் பார்க்கும் அரசு அலுவலகம், குற்றிக்கு மாறினால் 30 ஆண்டுகளில் 550 கோடி டொலர் இலாபம் என்று 2011இல் சொன்னது. 2019இல் அதே அலுவலகம் நட்டம் என்றது. இடையில் தாளின் ஆயுள் 3.3 ஆண்டிலிருந்து 7.9 ஆண்டாகக் கூடியிருந்தது. முன்பு பெடரல் ரிசர்வின் இயந்திரங்கள், முகம் மாறி வந்த நல்ல தாள்களையும் சேர்த்து அரைத்துத் தள்ளின. புதிய இயந்திரங்கள் எந்தப் பக்கம் வந்தாலும் அடையாளம் காண்கின்றன.

அப்படியென்றால் ஏன் குற்றி வேண்டும் என்கிறேன்? எங்கள் கடைக்கு ஒழுங்காக வந்த, பார்வையற்ற ஒரு பெரியவருக்காக. மிச்சக்காசை உள்ளங்கையில் வைத்ததும் பெருவிரலால் லூனியின் விளிம்பை ஒருமுறை சுற்றுவார், தலையாட்டுவார். தாள் என்றால் என்னிடம் கேட்பார். நான் சொன்னபிறகு ஐந்தை மடிக்காமலும் பத்தை இரண்டாக மடித்தும் வைத்துக்கொள்வார். என் வாயை நம்பித்தான் அவருடைய பணம் இருந்தது. அது எனக்குப் பாரமாக இருக்கும்.

2001க்குப் பிறகு வந்த கனடாத் தாள்களில் விரலுக்குத் தட்டுப்படும் புள்ளிகள் உண்டு. அமெரிக்காவில் ஒரு டொலருக்கும் நூறு டொலருக்கும் ஒரே அளவு, தடவிப் பார்த்தால் ஒரே தாள். அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. இது பாகுபாடு என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. இனி வரும் தாள்களில் தொட்டறியும் அடையாளம் வைக்கப்போகிறார்கள், ஒரு டொலர் தாளைத் தவிர. அதன் வடிவத்தை மாற்றப் பணம் செலவிடக்கூடாது என்று காங்கிரஸ் ஆண்டுதோறும் சட்டத்தில் எழுதிவைக்கிறது.

அடையாளம் இல்லாதது ஒரு டொலர் என்று தெரிந்துவிடாதா என்று தங்கை கேட்டாள். தெரியாது. பழைய தாள்கள் அங்கே செல்லாமற் போவதில்லை. அடையாளமில்லாத ஐம்பதும் இருபதும் இன்னும் பல ஆண்டு கைமாறும். கடைகளில் அடிக்கடி கைமாறுவது ஒரு டொலர். அது குற்றியாக இருந்தால், ஐந்து டொலரை நீட்டி ஒரு டொலருக்கு வாங்கும் பார்வையற்றவருக்கு மிச்சம் நாலும் யாரையும் கேட்காமல் கையிலேயே தெரியும்.

அட்டை இருக்கும்போது காசு எதற்கு என்பவர்கள், வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் கடைக்கு வருவதைப் பார்க்காதவர்கள்.

குற்றியை வைக்கப் பெட்டியில் இடமில்லை என்பது அமெரிக்கக் கடைக்காரர்களின் நெடுநாள் மறுப்பு. காசுப்பெட்டியோடு வேலை செய்தவள் என்ற முறையில் அந்தச் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் 2025 நவம்பரில், புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் குற்றியை ஃபிலடெல்ஃபியாவில் அடித்து நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் ஒரு சென்ட்டுக்கான குழி காலியாகப்போகிறது. டொலர் தாள் அச்சிடுவதை நிறுத்த ஒரு திகதியைக் குறித்துவிட்டு, டொலர் குற்றியை அதில் போடலாம்.