தவளை எடுத்துக் கொடுத்த தாளம்

கீற்றுக் கூரையும் ரம்மும் தயார். தீவு பாணி வீட்டு பாரில் பின்னணி இசை எது என்பதுதான் பாக்கி. அந்தத் தேர்வில் பாதி கற்பனை, பாதி காயம்

சுவரில் மூங்கில் தட்டி அடித்தாயிற்று. மேலே கீற்றுச் சரம் தொங்குகிறது. முறைக்கும் முகங்கள் செதுக்கிய பீங்கான் கோப்பைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அலமாரியில் மூன்று வகை ரம். விளக்கு வேண்டுமென்றே மங்கலாக. அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் 1950-களில் முளைத்து, நடுவில் வாடி, மீண்டும் தழைத்திருக்கும் 'டிகி' பார் இதுதான். எல்லாம் முடிந்த பிறகு வருகிறது கடைசிக் கேள்வி: பின்னணியில் எதை ஒலிக்க விடுவது?

சின்னக் கேள்விதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால் ஹோனலூலு ஓட்டல் குளத்துத் தவளைகள், தலைப்பாகை கட்டிய போலி தில்லிக்காரர், அரியணை இழந்த ராணி என்று எதிர்பாராதவர்கள் எதிர்ப்படுகிறார்கள்.

முதலில் அலங்காரத்தின் கதை. அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிவுக்கு வந்த கையோடு, தென்கடல்களைச் சுற்றிவிட்டு வந்த டான் பீச் என்பவர் ஹாலிவுட்டில் ஒரு சிறிய பாரைத் திறந்தார். ஓக்லாண்டில் 'டிரேடர் விக்' பெர்ஜரான் அந்தப் பாணியைத் தொடர்ந்தார். 'மை டாய்' என்ற பிரபல கலவையை 1944-இல் உருவாக்கியது தானே என்று அவர் சொல்லிக்கொண்டார். பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் தீவு நினைவுகளோடு வந்தார்கள். ஜேம்ஸ் மிச்சனரின் தென்பசிபிக் கதைகள் 1947-இல் புத்தகமாகி, 1949-இல் பிராட்வே இசை நாடகமாகவும் ஆயின. மோகம் உச்சத்துக்கு ஏறியது.

இந்தக் கலவையில் எது அசல் என்று கேட்பது வீண். செதுக்கிய முகங்கள் பசிபிக் தீவுகளுடையவை. ரம் கரீபியன் கடலிலிருந்து வந்தது. தட்டில் வந்ததோ பெரும்பாலும் சீன உணவு. டான் பீச்சின் பாரில் கலவை போட்டவர்களில் பலர் பிலிப்பினோக்கள். ஆக, இதற்கேற்ற இசையும் எந்தத் தீவையும் சேராததாக அமைந்ததில் ஆச்சரியம் இல்லை.

அதை முதலில் எழுதியவர் டெக்சாஸில் பிறந்த லெஸ் பாக்ஸ்டர். 1951-இல் வந்த அவருடைய 'ரிச்சுவல் ஆஃப் த சாவேஜ்' இசைத்தட்டில் வயலின் கூட்டத்துக்குக் கீழே முரசுகள் உறுமின. அதில் இருந்த 'கொயட் வில்லேஜ்' என்ற துண்டைப் பிற்பாடு எடுத்துக்கொண்டவர் மார்ட்டின் டென்னி. நியூயார்க்கில் பிறந்த பியானோ கலைஞர். 1954-இல் ஹவாய்க்கு வாசிக்கப் போனவர்.

ஹோனலூலுவின் ஹவாயியன் வில்லேஜ் ஓட்டலில் இருந்த ஷெல் பார் திறந்தவெளி அரங்கு. பக்கத்தில் குளம். டென்னி குழு வாசிக்கும்போது குளத்துத் தவளைகள் கத்தின. வாசிப்பு நின்றதும் அவையும் நின்றன. தற்செயலாக இருக்கும் என்று மறுபடி வாசித்துப் பார்த்தார்கள். மறுபடியும் தவளைகள். குழுவினர் விளையாட்டாகப் பறவைகள் போலக் கூவினார்கள். மறுநாள் ஒருவர் வந்து, அந்தத் தவளையும் பறவையும் வரும் பாட்டை வாசிக்க முடியுமா என்று கேட்டாராம். டென்னி பல முறை சொன்ன கதை இது. அதன் பிறகு தாள வாத்தியக்காரர் ஆகி கோலோன் பறவையானார். வரி வெட்டிய குழலைக் குச்சியால் உரசித் தவளைச் சத்தம் எழுப்பினார்கள். பர்மிய மணிகளும் ஜப்பானிய கோட்டோவும் சேர்ந்தன.

'எக்ஸாட்டிகா' என்று பெயரிடப்பட்ட அந்த இசைத்தட்டு 1957-இல் வெளிவந்தது. ஸ்டீரியோ வந்ததும் மறுபடி பதிவு செய்தார்கள். 1959-இல் அது பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. 'கொயட் வில்லேஜ்' தனிப் பாடலாக நான்காம் இடம் பிடித்தது. அந்த இசைக்கே 'எக்ஸாட்டிகா' என்ற பெயர் நிலைத்தது. ஸ்டீரியோ பெட்டி வாங்கியவர்கள், இடது காதில் கிளியும் வலது காதில் குரங்கும் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல தட்டு ஏது?

வீட்டு பாருக்கு இது பொருந்துவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பெரும்பாலும் பாட்டு வரிகள் கிடையாது. பியானோ, வைப்ராஃபோன், போங்கோ. வைப்ராஃபோனின் உலோகக் கட்டைகளுக்குக் கீழே மோட்டாரில் சுழலும் தகடுகள், ஒலியை அலை போல நடுங்க வைக்கின்றன. அந்த நடுக்கம் பேச்சுக்கு அடியில் ஓடுமே தவிர, பேச்சை மறிக்காது. தெரிந்த சினிமாப் பாட்டின் கதை வேறு. இளையராஜாவின் முன்னிசை தொடங்கிவிட்டால் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பிப்பார். பிறகு அது பின்னணி இல்லை, கச்சேரி.

எனவே விருந்தின் முதல் மணி நேரத்துக்கு டென்னியும் ஆர்தர் லைமனும் போதும். லைமன் ஹவாயில் பிறந்தவர். டென்னி குழுவில் வைப்ராஃபோன் வாசித்துவிட்டு 1957-இல் தனியே பிரிந்தவர். ஹவாயியன் வில்லேஜின் அலுமினியக் கும்மட்டத்துக்குள் பதிவான அவருடைய 'டபூ' (1958) தட்டில் ஒவ்வொரு சுரமும் எதிரொலித்து மெல்ல அடங்குகிறது. ஒலி அளவுக்கு ஒரு சுலபச் சோதனை: அடுத்த நாற்காலிக்காரரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், இசை அதிகம்.

கூட்டம் சேர்ந்து கோப்பை இரண்டாம் முறை நிரம்பும்போது, ரம் பிறந்த ஊரின் பக்கம் திரும்பலாம். ஹாரி பெலஃபான்டேயின் 'கலிப்ஸோ' (1956) எல்லோரும் தலையாட்டும் தட்டு. ஆனால் அதில் விடிந்துவிட்டது என்று ஓங்கிக் கூவும் பாட்டு, ஜமைக்காவில் இரவெல்லாம் கப்பலுக்கு வாழைத்தார் சுமந்தவர்கள், எண்ணிக் கூலி கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் பாட்டு. 1945-இல் அமெரிக்காவைக் கலக்கிய 'ரம் அண்ட் கோக்கோ கோலா'வின் கதை இன்னும் கசப்பு. டிரினிடாட் பாடகர் லார்ட் இன்வேடரின் பாட்டை எடுத்து, அமெரிக்கர்கள் தங்கள் பெயரில் விற்றார்கள். மூலப்பாட்டு சொல்வதோ, தீவுக்கு வந்த அமெரிக்க ராணுவத்தின் டாலர் உள்ளூர்ப் பெண்களை என்ன செய்தது என்பதை. வரிகளும் மெட்டும் திருட்டே என்று நியூயார்க் நீதிமன்றங்கள் பின்னர் தீர்ப்பளித்தன.

வேடம் போட்டவர்களில் இந்திய வேடக்காரரும் உண்டு. 1949 முதல் லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சியில் கல் பதித்த தலைப்பாகையுடன் ஆர்கன் வாசித்தவர் கோர்லா பண்டிட். நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். கேமராவை உற்றுப் பார்ப்பார். தில்லியில் பிராமணத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்தவர் என்று சொல்லப்பட்டது. எக்ஸாட்டிகாவின் பிதாமகர்களில் ஒருவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். 1998-இல் அவர் இறந்தார். 2001-இல் ஒரு லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை உண்மையை வெளியிட்டது: அவர் ஜான் ரோலண்ட் ரெட், மிசௌரியைச் சேர்ந்த கறுப்பினத்தவர். நிற வெறி கோலோச்சிய காலத்தில், கறுப்பருக்குத் திறக்காத கதவு தலைப்பாகைக்குத் திறந்தது. ஏமாற்று என்று சிரிக்கலாம். அந்தக் கதவைப் பூட்டி வைத்திருந்தது யார் என்றும் கேட்கலாம்.

டிகி பார் மீதான பெரிய புகாரும் இதை ஒட்டியதே. டிகி என்பது மாவோரி மரபில் முதல் மனிதனின் பெயர். மூதாதையரையும் தெய்வங்களையும் குறிக்கும் சிற்பங்களுக்கும் அதுவே பெயர். அதைக் கோப்பையாக்கி உறிஞ்சுவது, நம் தெய்வப் படங்களை அயல்நாட்டுச் செருப்பில் பார்த்துக் கொதித்தவர்களுக்குப் புரியாத வேதனை அல்ல. 'எக்ஸாட்டிகா' முதலிடம் பிடித்த அதே 1959-இல்தான் ஹவாய் அமெரிக்காவின் 50-வது மாநிலமானது. அதற்கு முன் அது ஒரு முடியரசு. 1893-இல் அமெரிக்க வணிகர்கள் கூட்டுச் சதியில் ராணி லிலியுகலானியைக் கவிழ்த்தார்கள். 1895-இல் அவர் தன் அரண்மனையிலேயே சிறை வைக்கப்பட்டார். மறு ஆண்டு பள்ளிகளில் ஆங்கிலமே பாட மொழியாக்கப்பட்டு, ஹவாய் மொழி வெளியேறியது. சுற்றுலாப் பயணிகளை வழியனுப்ப வாசிக்கப்படும் 'அலோஹா ஓய்' அந்த ராணி இயற்றியது. காதலர் பிரிவுக்காக எழுதிய பாட்டு, நாடு போன பிறகு நாட்டுக்கான பாட்டாகக் கேட்கத் தொடங்கியது.

அசல் ஹவாய் இசைக்கு அதனால்தான் மூன்றாவது மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். பேச்சு ஓய்ந்து, காது திறந்திருக்கும் நேரம். மெக்சிகோ மாட்டுக்காரர்கள் 1830-களில் கொண்டுவந்த கிடாரின் தந்திகளைத் தளர்த்தி, ஹவாய்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சுருதி கட்டினார்கள். அந்த 'ஸ்லாக் கீ' பாணியின் பெரிய பெயர் காபி பஹினுயி. இஸ்ரேல் கமகவிவோஒலேயின் 'ஃபேசிங் ஃப்யூச்சர்' (1993) தட்டில் உகுலேலேயோடு வரும் வானவில் பாட்டு உலகுக்கே தெரியும். அதே தட்டின் தொடக்கம், பறிபோன மண்ணுக்கான புலம்பல் என்பது பலருக்குத் தெரியாது. ராணியைக் கவிழ்த்ததற்கு அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டதும் அதே 1993-இல்தான்.

இந்திய வீடுகளில் இப்படி பார் அமைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தந்தி மேல் உலோகத்தைச் சறுக்கி வாசிக்கும் ஹவாய் கிடார் இங்கே புதிதல்ல. சமோவாவைச் சேர்ந்த டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் ரவீந்திரர் பாடல்களை அதில் வாசிப்பது தனிப் பாணியாகவே வளர்ந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். விஸ்வ மோகன் பட் அதை மோகன வீணையாக்கி, ரை கூடருடன் சேர்ந்து 1994-இல் கிராமி விருது வாங்கினார். 1970-களில் காபி பஹினுயியோடு வாசித்த அதே ரை கூடர். ஹவாயிலிருந்து ஜெய்ப்பூர் வரை நீளும் இந்த வழியில் யாரும் தலைப்பாகை வேடம் போடவில்லை, கற்றுக்கொண்டு வாசித்தார்கள். குஜராத், பிகார் போன்ற மதுவிலக்கு மாநிலங்களில் எலுமிச்சை ஜூஸோடும் இதைக் கேட்கலாம்.

அதற்காக டென்னியின் தவளைகளை விரட்ட வேண்டியதில்லை. அவை நல்ல தவளைகள். தலைக்கு மேல் தொங்கும் கீற்று பிளாஸ்டிக் என்று வீட்டுக்காரருக்கு எப்போதும் தெரியும். ஓடும் இசையைப் பற்றியும் அந்த அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.