அமைதியான பிள்ளை எங்கே தங்குவது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்தக் கல்லூரி என்பது முதல் கேள்வி. அதற்காக நாம் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்கிறோம், கட்-ஆஃப் கணக்கிடுகிறோம், கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் தயாரிக்கிறோம், தெரிந்தவர்களை எல்லாம் விசாரிக்கிறோம். பிள்ளை எங்கே தங்குவது என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு நாம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. சேர்க்கை நாளன்று, கட்டணம் கட்டும் வரிசையில் நின்றுகொண்டே, ‘ஹாஸ்டல்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

எவரோடும் எளிதில் பழகிவிடும் பிள்ளைக்கு அந்த டிக் போதும். எங்கே விட்டாலும் ஒரு வாரத்தில் ஊரையே நண்பராக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால், விருந்தினர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிற, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கத் தயங்குகிற, புதிய இடத்துக்குப் போகும் முந்தைய இரவு உறங்காத பிள்ளையும் நம் வீடுகளில் இருக்கிறார். அவருக்கு இந்த இரண்டாவது கேள்வி, முதல் கேள்விக்குச் சற்றும் குறைந்ததல்ல. இன்று இதைக் குறித்துச் சிந்திப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமைதியாக இருப்பது வேறு, அஞ்சுவது வேறு. இவ்விரண்டையும் நாம் ‘கூச்ச சுபாவம்’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். உள்முக இயல்பு, வெளிமுக இயல்பு என்ற பாகுபாட்டை உலகறியச் செய்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921இல் வெளிவந்த அவரது நூலில் உள்முக இயல்பை அவர் நோயாகச் சொல்லவில்லை; மனிதர்கள் இருக்கும் விதங்களில் ஒன்றாகவே சொன்னார். உள்முக இயல்புள்ளவர் மனிதர்களை வெறுப்பவர் அல்லர். கூட்டத்தில் இருக்கும்போது அவருடைய ஆற்றல் செலவாகிறது. தனிமையில் இருக்கும்போது அது திரும்ப வருகிறது. அவ்வளவுதான்.

பதட்டம் அப்படியல்ல. அது ஒரு சுமை. மெஸ்ஸுக்குள் நுழைந்தால் எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள் என்று அஞ்சி, பசியோடு அறையிலேயே இருந்துவிடுவது பதட்டம். அதற்கு ஒரு குணம் உண்டு. அஞ்சும் காரியத்தை இன்று தவிர்த்தால், இன்று நிம்மதி கிடைக்கும். ஆனால் நாளை அந்த அச்சம் இன்னும் சற்று வளர்ந்திருக்கும். ஆகவேதான் மனநல மருத்துவர்கள், அஞ்சும் காரியங்களைச் சிறிய படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக ஏறிப் பழகச் சொல்கிறார்கள்.

இயல்புக்கு ஓய்விடம் வேண்டும். அச்சத்துக்குச் சிறு படிகள் வேண்டும். நம் பிள்ளை தங்கும் இடம் இவ்விரண்டையும் ஒருசேரத் தர வேண்டும். இதுவே நாம் மனத்தில் வைக்க வேண்டிய ஒரே அளவுகோல்.

நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ‘நாலு பேரோடு இருந்தால்தான் இவன் சரியாவான்’ என்று எட்டுப் பேர் தங்கும் பெரிய அறையில் சேர்த்துவிடுகிறோம். அங்கே படிகள் இல்லை, ஒரேயடியாக மாடியிலிருந்து தள்ளிவிடுவதுதான் இருக்கிறது, ஓய்விடமும் இல்லை. அல்லது, ‘பாவம், இவளுக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று கல்லூரிக்கு வெளியே தனி அறை பிடித்துத் தருகிறோம். அங்கே ஓய்வு உண்டு, படிகள் இல்லை. வகுப்பு முடிந்ததும் கதவை மூடிக்கொண்டால், மறுநாள் காலை வரை யாரிடமும் ஒரு சொல் பேசாமல் நாள் கழியும். உணவும் செயலி வழியே வாசலுக்கு வந்துவிடும். பிள்ளை வாடிப்போவதைக் கவனிக்க அங்கே ஆளும் இல்லை. இரண்டு ஏற்பாடுகளுமே அன்பினால் செய்யப்பட்டவைதான். ஆனால் ஒவ்வொன்றும் பிள்ளையின் பாதியை மட்டுமே பார்க்கிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? நம் முன் இருக்கும் வாய்ப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் விடுதியில், இருவர் அல்லது மூவர் தங்கும் அறை கிடைத்தால், பெரும்பாலான அமைதியான பிள்ளைகளுக்கு அது பொருந்தும். பழக வேண்டிய முகங்கள் ஒன்றோ இரண்டோதான். மெஸ் நேரம், படிப்பு நேரம், இரவு வருகைப் பதிவு என்று நாளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பது பதட்டமுள்ளவருக்குப் பெரும் ஆறுதல். இருவர் அறையில் ஓர் இடர் உண்டு: அந்த ஒருவரோடு ஒத்துப்போகாவிட்டால் தப்பிக்க வழியில்லை. ஆகவே, ஒரு மாதத்துக்குப் பிறகு அறை மாற்றிக் கேட்க முடியுமா என்பதை முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

தனியார் விடுதி, பி.ஜி. என்று அழைக்கப்படும் இடங்களில் தனி அறை கிடைக்கலாம். அங்கே சேர்ப்பதானால், உணவு எல்லாரும் சேர்ந்து உண்ணும் இடமாகவும், பொறுப்பாளர் அங்கேயே தங்குபவராகவும் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மகளிர் விடுதி என்றால், தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

சித்தி வீடு, மாமா வீடு என்று உறவினர் இல்லத்தில் தங்கவைப்பதும் உண்டு. தெரிந்த முகங்கள், வீட்டுச் சாப்பாடு. ஆனால் அந்த வீட்டில் பிள்ளைக்கென்று மூடிக்கொள்ள ஒரு கதவு இருக்கிறதா? ஹாலில் பாய் விரித்துப் படுத்து, வருவோர் போவோருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை, விடுதியில் இருப்பவரைவிட அதிகம் களைத்துப்போவார். ‘அவர்களுக்குப் பாரமாக இருக்கிறோமோ’ என்ற எண்ணமும் அமைதியான பிள்ளைகளை வாட்டும். அதை அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள்.

வீட்டிலிருந்தே தினமும் போய்வருவது இன்னொரு வழி. ஒரு மணி நேரப் பயணம் என்றால் குற்றமில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, இரவு எட்டு மணிக்குத் திரும்பும் நிலை என்றால் பழகவும் நேரமில்லை, ஓயவும் நேரமில்லை. பிரிய மனமில்லாதது நாமா, பிள்ளையா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்வோம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய்ப் பார்ப்போம். கூடுமானால் மாலை நேரத்தில் போவோம். காலையில் எந்த விடுதியும் அமைதியாகத்தான் இருக்கும். மெஸ்ஸில் எப்படி உட்காருகிறார்கள், எவ்வளவு நெரிசல் என்று கவனிப்போம். அறை படிக்கட்டுக்கும் டி.வி. ஹாலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அருகில் இல்லாமல், தாழ்வாரத்தின் கடைசியில் கிடைக்குமா என்று கேட்போம். சுவரோரக் கட்டில், உள்ளே தாழிட முடிகிற குளியலறை, பூட்டக்கூடிய அலமாரி ஆகியவை நமக்குச் சிறியவையாகத் தோன்றலாம், இப்பிள்ளைக்குப் பெரியவை. அறையில் ஓய்வு கிடைக்காத நேரத்தில் போய் அமர நூலகமோ, மரத்தடியோ, அருகில் ஓர் ஆலயமோ இருக்கிறதா என்றும் பார்த்து வைப்போம். அதே ஊரிலிருந்தோ பள்ளியிலிருந்தோ சேரும் ஒருவரோடு அறையைப் பகிர முடியுமானால், முதல் படி அங்கேயே போடப்பட்டுவிடும்.

விடுதி என்றதும் பெற்றோர் மனத்தில் எழும் இன்னொரு அச்சம் ராகிங். அது வெறும் கற்பனை அச்சமல்ல. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டது நம்மில் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். அதன்பின் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். புதிய மாணவர்களை இயன்றவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்றும், இயலாதபோது மூத்த மாணவர்கள் அங்கே வந்துபோவதைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. அந்த ஆசிரியர் தம் குழுவினர் ஒவ்வொருவரிடமும் தினமும் பேச வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. ‘எங்கள் பிள்ளையின் குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்?’ என்று சேர்க்கை நாளிலேயே நாம் கேட்கலாம். தானாகப் போய்ப் பேசாத பிள்ளைக்கு, தேடி வந்து பேசும் ஓர் ஆசிரியர் கிடைப்பது பெரிய வரம். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அதைப் பிள்ளையின் தொலைபேசியிலும் நம்முடையதிலும் பதிந்து வைப்போம்.

இவ்வளவும் சொன்னபின், எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. முடிவு எடுக்கும் மேசையில் பிள்ளையும் அமர்ந்திருக்க வேண்டும். அமைதியான பிள்ளையிடம், ‘உனக்கு ஹாஸ்டல் சரியா?’ என்று நால்வர் முன்னிலையில் கேட்டால், ‘சரி’ என்றுதான் பதில் வரும். அது சம்மதமல்ல, அந்தப் பேச்சை முடிக்க விரும்பும் சொல். ஆகவே தனியே, நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ இருக்கும்போது கேட்போம். பொதுவாகக் கேட்காமல், குறிப்பாகக் கேட்போம்: அறையில் எத்தனை பேர் இருந்தால் தாங்கும்? எது அதிகம் அச்சமாக இருக்கிறது, சாப்பிடப் போவதா, குளிக்கப் போவதா, தூங்குவதா? எழுதித் தர விரும்பினால் எழுதித் தரட்டும். தானே தேர்ந்தெடுத்த இடத்தில் வரும் சிரமத்தைப் பிள்ளை தாங்கிக்கொள்வார். தன்மேல் சுமத்தப்பட்ட இடத்தில் அதே சிரமம் தண்டனையாகத் தோன்றும்.

புறப்படும் முன் உள்ள வாரங்களிலேயே படிகளைத் தொடங்கலாம். உணவகத்துக்குத் தனியே போய்ச் சாப்பிட்டு வரட்டும். துணி துவைக்கட்டும், வங்கிக்குப் போகட்டும், நமக்குப் பதிலாகத் தொலைபேசியில் பேசட்டும். இரண்டு இரவு அத்தை வீட்டில் தங்கி வரட்டும். கல்லூரி திறந்தபின் முதல் வாரத்துக்கு, ‘அறைத் தோழரோடு ஒரு வேளை சாப்பிட வேண்டும்’ என்ற ஒரே இலக்கு போதும்.

நாமும் சில ஒழுங்குகளை ஏற்க வேண்டும். நாளுக்குப் பத்து முறை அழைக்காமல், ஒரு நேரம் குறித்து ஒரு முறை பேசுவோம். ‘எத்தனை நண்பர்கள் கிடைத்தார்கள்?’ என்று கணக்குக் கேட்க வேண்டாம். எப்போது வீட்டுக்கு வருவது என்பதை முன்பே தேதி குறித்துவிடுவோம். நாள்காட்டியில் அந்த நாள் தெரிவதே ஒரு துணை. முதல் இரவில் அழுதுகொண்டே, ‘வந்து கூட்டிப்போங்கள்’ என்றால், ‘ஒரு மாதம் கழித்துச் சேர்ந்து முடிவு செய்வோம்’ என்று கனிவோடு சொல்லலாம். ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பல நாட்களாக உணவோ உறக்கமோ இல்லை என்றால், வகுப்புக்கே போகவில்லை என்றால், துன்புறுத்தல் நடக்கிறது என்றால், ‘வாழப் பிடிக்கவில்லை’ என்ற பொருள்பட ஒரு வார்த்தை வந்தால், ஒரு மாதக் கணக்கு அங்கே செல்லாது. அன்றைக்கே புறப்பட்டுப் போவோம். மனநல உதவிக்கான டெலி-மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். ஒரு பருவத்தை, ஏன், ஓர் ஆண்டையே இழந்தாலும் திரும்பப் பெறலாம்.

அன்பார்ந்தவர்களே, அமைதியான பிள்ளையைப் பேச்சாளராக்கி அனுப்புவதற்கு நாம் விடுதி தேடவில்லை. அவர் அவராகவே இருந்து, அச்சத்தை மட்டும் மெல்ல மெல்ல இறக்கிவைக்க ஓர் இடம் தேடுகிறோம். மூடிக்கொள்ள ஒரு கதவு, அதைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட ஒரு தோழர், பெயர் சொல்லி விசாரிக்க ஒரு பெரியவர். இம்மூன்றும் இருக்கும் இடம் எதுவோ, அங்கே பிள்ளையின் பெட்டியை நம்பிக்கையோடு இறக்கி வைப்போம்.