யாருடைய ஈரம்?

காயத்துக்கு மருந்து கட்டி முடித்ததும், “தண்ணி பட விடாதீங்க” என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். கொழும்பிலும் அதே சொல், யாழ்ப்பாணத்திலும் அதே சொல். மலையகத்து இறம்பொடையில் அதைக் கேட்டுக்கொண்டு டிஸ்பென்சரிப் படியிறங்குகிறவர் லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நனைந்திருப்பார். மே மாதத்தில் வந்து சேரும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டெம்பர் வரை இந்தச் சரிவை விடுவதில்லை. 109 மீற்றர் உயரத்திலிருந்து இறம்பொடை நீர்வீழ்ச்சி கொட்டுவதும், தேயிலை ஓயாமல் தளிர்ப்பதும் அந்த மழையால்தான். மழை ஓய்ந்த பிறகும் செடி நனைந்தே நிற்கும். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இடுப்பில் கட்டிய படங்கு ஓரளவுக்குத்தான் காவல். முழங்காலுக்குக் கீழே காய்ந்த இடம் எதுவும் மிஞ்சாது.

கவ்வாத்துக் கத்தி பட்ட விரல், கான் வெட்டும்போது மண்வெட்டி பதிந்த பாதம், சீனி வருத்தத்தால் மாதக்கணக்கில் ஆறாத குதிகால் புண், எல்லாமே இந்த ஈரத்துக்குள்தான் ஆறவேண்டும். கட்டு நனைந்துவிட்டதை அந்தக் கட்டே வண்ணம் மாறிக் காட்டிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? உலகில் பல ஆய்வுகூடங்கள் இந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. அவர்களுடைய கண்டுபிடிப்புகளை இந்த மலையில் நின்று பார்த்தால், அவற்றின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரிகின்றன.

நனைந்த கட்டு ஏன் ஆபத்து என்பதை லியோனார்ட் கோல்புரூக், அலிசன் ஹூட் என்ற இருவர் 1948இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எடுத்துக்காட்டினார்கள். காய்ந்த கோஸ் துணியின் அடுக்குகளை ஊடுருவப் பற்றீரியாவுக்கு வழி சுலபமில்லை. துணி ஊறிவிட்டால் இழைக்கு இழை நீர் தொடுத்துக்கொள்கிறது. புண்ணின் கசிவு மேற்பரப்பு வரை வந்துவிட்டால், அல்லது வெளி ஈரம் புண் வரை போய்விட்டால், இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர்தான். வெளியே இருக்கும் கிருமி அந்தத் தண்ணீர் வழியாகவே உள்ளே இறங்கிவிடும்.

அப்படியானால் காயத்தைத் திறந்து போட்டுக் காயவிடுவதே நல்லது என்று தோன்றும். நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். மருத்துவர்களில் பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்தவர் ஜோர்ஜ் வின்டர். இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றை மெல்லிய பொலித்தீனால் மூடினார், சிலவற்றைத் திறந்து விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. 1962இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. புதுத்தோலின் கலங்கள் காயத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. ஈரமான தளத்தில் அவை நேராக வரும். பொருக்குத் தட்டிய காயத்தில், பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழத்தைத் தேடிப் போய் வழி குடைய வேண்டியிருக்கும்.

ஆகவே புண்ணின் முகம் ஈரமாக இருக்கவேண்டும். கட்டின் முதுகு காய்ந்திருக்கவேண்டும். 1970களில் புழக்கத்துக்கு வந்த பொலியூரித்தேன் மென்படலம் இந்த இரண்டையும் ஓரளவு சாதிக்கிறது. திரவ நீரை அது விடாது, பற்றீரியாவையும் விடாது. நீராவியை மட்டும் வெளியே விடும். இதைப் படித்தபோது எனக்கு எழுந்த முதல் கேள்வி, பனிமூட்டத்தில் இது என்ன செய்யும் என்பது. சுற்றியுள்ள வளியே நீராவியால் நிறைந்திருக்கும்போது உள்ளிருக்கும் ஆவி எங்கே போகும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் வளி சுமார் 35 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் இருக்கும் மூட்டமோ, முழுதாக நிறைந்திருந்தாலும் சுமார் 17 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்கும். ஆகவே பனிக்குள் நின்றாலும் ஆவி உள்ளிருந்து வெளியேதான் போகும். உடம்பின் சூடு கட்டைக் காயவைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் வேகம் குறையும். இவ்வகைக் கட்டுகளின் ஆவி விடும் திறனை ஆய்வுகூடத்தில் அளப்பது 37 பாகை வெப்பத்தில், ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் குறைந்த உலர் வளியில். பெட்டியில் அச்சிட்ட எண் அந்த வளிக்கு உரியது. நம் மலையில் அதே கட்டு அதைவிட முன்னதாகவே நிறைந்துவிடும். எத்தனை நாள் என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்லமுடியாது, கட்டைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

கட்டைப் பார்த்துச் சொல்வதற்கு மிகப் பழைய ஒரு முறை இருக்கிறது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை. வெள்ளைக் கட்டின் மேல் சிறிதாக ஒரு கறை எழும்புகிறது. தாதி பேனையை எடுத்து, கறையின் ஓரத்தை அப்படியே பின்பற்றி ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுகிறார்: 10.20. சிறிது நேரம் கழித்துத் திரும்பி வருகிறார். கறை கோட்டுக்குள்ளேயே நின்றால் கசிவு அடங்கிவிட்டது. கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தால் புதுக்கோடு, புதுநேரம். டொக்டருக்கும் தகவல் போகும். எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்பதை இதைவிட மலிவாக அளக்கும் கருவி இல்லை.

ஆனால் கறை கண்ணுக்குத் தெரியவேண்டும். இரத்தம் தெரியும், சீழ் தெரியும். தெளிந்த நீர் வெள்ளைத் துணியில் அவ்வளவாகத் தெரியாது. பார்க்க ஒருவர் இருக்கவும் வேண்டும். சீனி வருத்தம் முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்வு மங்கிவிடுவதால் ஈரமும் உறைக்காது, வலியும் உறைக்காது. உள்ளங்காலைத் தாமாகக் குனிந்து பார்ப்பதும் வயதானவர்களுக்கு இலகுவல்ல. வண்ணம் மாறும் கட்டு முதலில் உதவவேண்டியது இவர்களுக்கும், மாலையில் இவர்களுடைய காலை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கும்தான்.

அந்த வண்ணமாற்றத்தின் எளிய வடிவம் நாம் தினமும் பார்ப்பது. பஞ்சு இழை உண்மையில் ஒளியை உள்ளே விடும் பொருள். அதன் முறிவுச் சுட்டி சுமார் 1.5, இழைகளுக்கு இடையே இருக்கும் வளிக்கு 1.00. இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் ஒளி வளைந்து, தெறித்து, நாலாபக்கமும் சிதறிக் கண்ணுக்குத் திரும்புகிறது. வெண்மை என்பது அந்தச் சிதறல்தான். வளி இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் அதன் சுட்டி 1.33, வித்தியாசம் குறுகி, சிதறல் குறைந்து, ஒளி உள்ளே போய்விடுகிறது. நனைந்த சேலை கறுத்துத் தெரிவது இதனால்; நனைந்த வெள்ளைச் சட்டைக்குள் உடம்பு தெரிவதும் இதனால். மழை பட்டதும் பூப்பூக்கும் குடைகளில் இதே தந்திரத்தைச் செய்கிறார்கள்: படத்தின் மேல் நுண்துளைகள் நிறைந்த வெள்ளை மைப்பூச்சு, நனைந்தால் அது ஒளிபுகுவதாகி அடியில் இருக்கும் படம் தெரியும். கட்டின் முதுகில் சிவப்புக் கோடு ஒன்றை வரைந்து மேலே இந்த வெள்ளையைப் பூசினால், நனைந்ததும் சிவப்பு வெளிவரும்.

குறை என்னவென்றால், காய்ந்ததும் மறுபடி வெள்ளையாகிவிடும். காலையில் மலையில் ஊறி, மாலையில் அடுப்பங்கரையில் காய்ந்த கட்டு ஒன்றும் நடக்காததுபோல் வெள்ளையாக இருக்கும். உள்ளே போன கிருமி உள்ளேயே இருக்கும். ஆகவே ஈரத்தை மறக்காத அடையாளம் வேண்டும். கைத்தொலைபேசிக்குள் ஒட்டியிருக்கும் சிறு வெள்ளைச் சதுரம் அப்படிப்பட்டது. ஒருமுறை தண்ணீர் பட்டால் சாயம் கரைந்து பரவிச் சிவந்துவிடும்; பிறகு எவ்வளவு காயவைத்தாலும் திருத்துகிற கடைக்காரருக்கு உண்மை தெரிந்துவிடும். கட்டின் வெளியடுக்குக்கு ஏற்றது இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

சாயங்கள் பலவுண்டு. கோபால்ற்று குளோரைட்டு உலர்ந்தால் நீலம், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. அழகானது, ஆனால் நச்சு, புண்ணுக்குப் பக்கத்தில் வைக்கத் தகாது. குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் மஞ்சள் கோடு நீலமாக மாறுவதற்குப் பெரும்பாலும் புரோமோபீனோல் நீலம் என்ற காட்டி. அமிலத்தன்மை மிகுந்திருக்கும்போது அது மஞ்சள்; பீ.எச். 4.6ஐத் தாண்டினால் முழு நீலம். இந்த இடத்தில்தான் இறம்பொடை குறுக்கே வருகிறது. வளியிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்திருப்பதால் சுத்தமான மழைநீரின் பீ.எச். சுமார் 5.6. டயப்பர்க் கோடு மழைக்கும் நீலமாகிவிடும். கண்டியில் அறைக்குள் படுத்திருக்கும் நோயாளியின் கட்டு நனைந்தால் அது புண்ணின் ஈரம் என்று நம்பலாம். இங்கே நனைந்தால் அது யாருடைய ஈரம் என்று கேட்கவேண்டும். மழை என்றால் கட்டை மாற்றினால் போதும். புண்ணே ஊறிக் கசிகிறது என்றால் புண்ணைப் பார்த்தாகவேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. நல்ல தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை கொண்டது, பீ.எச். 4க்கும் 6க்கும் இடையில். இரத்தம் 7.4. நாட்பட்டு ஆறாத புண்கள் பெரும்பாலும் 7க்கு மேலே, 9ஐ நெருங்கும் வரை காரமாக இருக்கும். மழைநீர் 5.6இல் நிற்க, புண்ணின் நீர் 7க்கு மேல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறம் மாறும் சாயத்தைத் தேர்ந்தால் அது மழைக்கு அசையாது, புண்ணுக்கு அசையும். புரோமோதைமோல் நீலம் 6.0இல் மஞ்சள், 7.6இல் நீலம். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தினர் வேறு சில பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட கட்டு இதே சாயத்தைக் கொண்டது. நனோசெலுலோசால் ஆன நெருக்கமான வலைக்குள், சாயம் ஏற்றிய சிலிக்கா நுண்துகள்களைப் பதித்திருக்கிறார்கள். தொற்று வந்து காரத்தன்மை ஏறினால் மஞ்சள் கட்டு நீலமாகும். கட்டைப் பிரிக்காமலே பார்க்கலாம் என்பதுதான் அவர்களுடைய நோக்கம். பிரிக்கும் ஒவ்வொரு முறையும் புதுத்தோல் கிழிபடலாம்.

நம் சமையலறையிலும் இப்படி ஒரு காட்டி உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அது குர்குமின் காரத்தைச் சந்தித்ததன் விளைவு. காயக்கட்டில் குர்குமினைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

ஆனால் அந்தக் கட்டு பிறந்த சுவீடனில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: அட்டை. ஹீமடிப்சா ஸெய்லானிக்கா, மூன்று தாடை கொண்ட நிலத்து அட்டை. கடிப்பது தெரியாது. அதன் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள்கள் இருப்பதால், வயிறு நிறைந்து அது உதிர்ந்து போன பிறகும் கடிவாயிலிருந்து நெடுநேரம் வடிந்துகொண்டிருக்கும். அட்டையின் சாறு இரத்தம் உறைவதைத் தடுக்கிறது என்று 1884இல் கண்டுகாட்டியவர் ஜோன் ஹேக்ராஃப்ட். கொழுந்துக்குப் போகிறவர்கள் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வார்கள். கடித்தால் சுண்ணாம்பு வைப்பார்கள். சவர்க்காரத்தின் பீ.எச். 9, 10 அளவில். சுண்ணாம்பு அதற்கும் மேலே. சவர்க்காரம் கரைந்த மழைநீர் கட்டுக்குள் போனால், ஆரோக்கியமாக ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின்மேலும் நீலம் பூக்கும்.

சாயத்தை விட்டு மின்சாரத்துக்குப் போனவர்களும் உண்டு. மழைநீரில் உப்பு மிகச் சொற்பம், மின் சரியாகப் பாயாது. புண்ணின் நீரில் சேலைன் போத்தலில் இருக்கும் 0.9 சதவீதத்துக்கு ஒத்த உப்பு. கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பற்றீசியா கொனொலி குழுவினர் வெள்ளி, வெள்ளிக் குளோரைட்டு மின்வாய்கள் கொண்ட மெல்லிய உணரியைக் கட்டுக்கு அடியில் புண்ணின்மேல் வைத்தார்கள். வால்போல வெளியே நீளும் முனையில் சிறு கருவியைக் கொளுவினால் உள்ளே இருக்கும் ஈரத்தின் அளவு தெரியும். அவர்கள் பங்கெடுத்த 2016ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், கட்டு மாற்றிய தடவைகளில் ஏறக்குறைய பாதி, ஈரம் சரியான அளவில் இருந்தபோதே நடந்தவை. மாற்றத் தேவையே இருக்கவில்லை.

இந்தப் பாதிக்குத் தோட்டத்தில் ஒரு விலை இருக்கிறது. கட்டு மாற்றக் காலையில் டிஸ்பென்சரிக்குப் போய்க் காத்திருந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். வேண்டாத கட்டு மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அரைநாள் சம்பளம். மாறாக, கட்டாயம் மாற்றவேண்டிய அன்று, பேர் போய்விடுமே என்று போகாமல் விட்டால் காலே போகலாம். இன்றைக்கு மாற்றவேண்டுமா, நாளைக்குப் போதுமா என்று லயத்து வாசலிலேயே தெரிவது இங்கே பெரிய விடயம்.

பேராதனையில் தொடங்கும் ஏ-5 வீதிதான் கம்பளை, புசல்லாவை தாண்டி இறம்பொடைக்கு ஏறுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் இத்தகைய கட்டை இந்த மலையில் சோதித்துப் பார்க்கத் தகுந்தவை; முதற்படியைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். புரோமோதைமோல் நீலம் தோய்த்த தாளில் ஐந்து துளிகள்: மழைநீர், வியர்வை, புண்ணின் நீருக்குப் பதிலாக முட்டையின் வெள்ளைக்கரு, சவர்க்காரக் கரைசல், சுண்ணாம்பு நீர். மழைநீர் மஞ்சளாக நிற்கும், வெள்ளைக்கரு நீலமாகும், வியர்வை ஆளுக்கு ஆள் வேறுபடும். சவர்க்காரமும் சுண்ணாம்பும் வெள்ளைக்கருவைப் போலவே நீலமாகும். ஆகவே இந்த மலைக்கான கட்டில் இரண்டு அடையாளங்கள் இருக்கவேண்டும். வெளியோரத்தில், நீர் தொட்டதும் நிரந்தரமாகச் சிவக்கும் ஒரு வளையம். நடுவில், மென்படலத்துக்கு அடியில், புண்ணைத் தொட்டபடி மஞ்சள் சாயம். வளையம் மட்டும் சிவந்தால் மழை. நடு மட்டும் நீலமானால் புண். இரண்டும் மாறியிருந்தால், அன்றைய அரைப்பேர் போனாலும் பரவாயில்லை, டிஸ்பென்சரிக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.