ஒரு சோறு எப்போது பதம் சொல்லும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்த ஒரு பருக்கைக்கு அவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. பழைய அரிசியோடு புது அரிசியைக் கலந்து போட்டிருந்தால், ஒன்றை நசுக்கிப் பார்த்துப் பானையை இறக்க முடியாது. ஆக, ஒன்றைக் கொண்டு எல்லாவற்றுக்கும் பேச வேண்டுமானால், அவை ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். மெண்டலின் பட்டாணியை வைத்து இதை நிதானமாகப் பார்ப்போம்.

கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில், மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் பட்டாணி பயிரிட்டார். மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் மஞ்சள். அடுத்ததில் பச்சை திரும்பி வந்தது: 6,022 மஞ்சள், 2,001 பச்சை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. அவர் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளிலும் இதே கதைதான்.

இதோடு நின்றிருந்தால் அது வெறும் எண்ணிக்கை. எனக்கு மலைப்பாக இருப்பது அடுத்து அவர் செய்ததுதான். அந்த மஞ்சள் விதைகளை மறுபடி விதைத்தார். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள். வளர்ந்த 519 செடிகளில் 166 செடிகள் மஞ்சள் மட்டுமே தந்தன. மற்ற 353 செடிகளின் காய்களை உரித்தால் உள்ளே மஞ்சளும் பச்சையும். மூன்று பங்கு மஞ்சளில் இரண்டு பங்கு, பச்சையை உள்ளே ஒளித்து வைத்திருந்தது! அப்படியானால் ஒவ்வொரு பண்புக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு கூறுகள் இருக்க வேண்டும்; பிள்ளைக்குப் போவது அவற்றில் ஏதாவது ஒன்று. இங்கேதான் பட்டாணிச் சேதி பொதுவிதி ஆகிறது. இரு பெற்றோர் சேர்ந்து பிறக்கும் எந்த உயிரிடமும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மெண்டலே ஹைராசியம் என்ற வேறொரு செடியில் சோதித்தார். அந்தக் கணக்கு அங்கே வரவில்லை. அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை பிடிக்கும் என்பது பின்னால்தான் தெரியவந்தது. தந்தை இல்லாத இடத்தில் தந்தையின் பங்கு எப்படி வரும்? விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் அந்தக் காரணமே சொல்லிவிடுகிறது.

காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் குடும்பங்கள் தவித்துப்போகும். தாய், தந்தை இருவரும் தலசீமியா என்ற இரத்த நோய்க்கான கூறு ஒன்றைச் சுமப்பவர்கள் என்றால், குழந்தைக்குக் கடுமையான நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை” என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு கருவிலும் இருவருடைய கூறுகளும் புதிதாகப் பிரிந்து சேர்கின்றன. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். இருவரும் அதைச் சுமக்கிறார்களா என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.