ஊறுகாய் பாட்டிலில் ஒரு ஃபைட்டர்

வேளாங்கண்ணியில் அக்கா வீட்டு ஷோகேஸில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில். அதற்குள் நீலமும் சிவப்புமாக ஒரு ஃபைட்டர் மீன். மகனின் பிறந்தநாளுக்கு வாங்கியது. “காத்தைக் குடிச்சே பொழச்சுக்குமாம்டா. மோட்டார் வேணாம், தொட்டி வேணாம்னு கடையில சொன்னாங்க” என்றாள் அக்கா. பதினோராம் நாள் மீன் பக்கவாட்டில் மிதந்தது. பையன் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

வாடகை வீட்டுக்கு ஏற்ற வண்ண மீன்களைப் பற்றி எழுதச் சொல்லித்தான் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். கப்பி, மோலி, கோல்டு என்று பட்டியல்கூடப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பாட்டிலைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

கடையில் சொன்னது பொய்யில்லை. ஃபைட்டருக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினால் அதிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. மழை இரவில் வரப்பு தாண்டி ஊர்ந்து போகும் நம்ம ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் இதே ஏற்பாடுதான். 1791-இல் தரங்கம்பாடி அருகே பனைமரத்திலேயே அதைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியது 1797-இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. நிஜமாகவே பனை ஏறுமா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்தும் சில மணி நேரம் தாங்கும் என்பதை வயலில் இறங்கியவர் யாரும் சொல்வார்கள்.

இந்த வரம்தான் ஃபைட்டருக்குச் சாபமாகிவிட்டது. வேறு பல மீன்களை அரை லிட்டர் தண்ணீரில் அடைத்தால் சீக்கிரமே செத்து, விற்றவரைக் காட்டிக் கொடுக்கும். ஃபைட்டர் பத்து நாள் தாங்கும். அதற்குள் பொறுப்பு வாங்கியவர் தலையில் வந்து விழுந்துவிடும்.

மூச்சுக்குக் காற்று இருக்கிறது, கழிவுக்குப் போக்கிடம் இல்லை. செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவும், தின்னாமல் அடியில் அழுகும் தீவனம் விடும் அம்மோனியாவும் அதே தண்ணீரில்தான் தங்கும். செவுள் சிவக்கும், துடுப்பின் ஓரம் கருத்துக் கிழியும், மீன் இரை எடுக்காமல் அடியில் கிடக்கும். இதைப் பார்த்ததும் நம் வீடுகளில் என்ன செய்வோம்? பாட்டிலை மொத்தமாகக் கவிழ்த்து, நாரால் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவோம். அக்கா இரண்டு நாளைக்கு ஒரு தரம் அப்படித்தான் செய்திருக்கிறாள். அம்மோனியாவைத் தின்று தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியா கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். ஒவ்வொரு கழுவலிலும் அதைத் துடைத்தெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறோம்.

அதிலும் வேளாங்கண்ணித் தண்ணீர் ஒரு தனிக்கதை. அக்கா வீட்டு போர்வெல்லில் பிடித்த வாளி காய்ந்தால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிகிறது. குழாயில் வரும் குடிநீரில் குளோரின். கேன் தண்ணீரிலோ தாது உப்பே அநேகமாக இருக்காது. மூன்றையும் மாற்றி மாற்றி ஊற்றினால் எந்த மீன் தாங்கும்? குழாய்த் தண்ணீரையே அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சில சொட்டு விடலாம். வாரம் ஒரு தரம் கால்வாசியை மட்டும் எடுத்துவிட்டு அதை ஊற்றினால் போதும். ஸ்பாஞ்சைப் பிழிவதாக இருந்தால் எடுத்த அந்தப் பழைய தண்ணீரில் பிழிய வேண்டும், குழாயடியில் அல்ல.

தாய்லாந்தில் வயலோரக் குட்டையில் கிடக்கும் மீனுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குட்டை ஆழம் குறைவாக இருக்கலாம். பரப்பில் அது பாட்டில் அல்ல. 2019-இல் அந்த நாடு இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் ஊரில் இன்னும் ஷோகேஸ் சாமான்தான்.

இப்போது அக்கா வீட்டில் புது ஃபைட்டருக்கு இருபது லிட்டர் தொட்டி. ஃபைட்டர் துள்ளும் என்பதால் மூடி, காற்றுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி. நீண்ட துடுப்பைத் தள்ளிக்கொண்டு போகாத மெதுவான ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஒரே ஒரு ஆண் மீன். இரண்டைப் போட்டால் நடப்பதைத்தான் பெயரே சொல்கிறதே. மீனின் வயிறு அதன் கண் அளவுதான் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. வேளைக்கு இரண்டு மூன்று உருண்டை, வாரம் ஒரு நாள் பட்டினி. பையன் மொட்டைமாடித் தொட்டியில் கொசுப்புழு அரித்து வந்து போடுகிறான். அந்த வேலையில் அவனுக்குச் சலிப்பே இல்லை.

தெருவோரம் நிற்கும் பாதாம் மரத்தில், அதாவது நாட்டு வாதுமையில், பழுத்துச் சிவந்து விழுந்த இலை ஒன்றைக் கழுவிக் காயவைத்துத் தொட்டியில் போடச் சொன்னேன். இலையிலிருந்து இறங்கும் துவர்ப்பு இந்த மீனுக்குப் பழக்கமான தண்ணீரைத் தரும். நிறம் மட்டும் கட்டஞ்சாயா மாதிரி ஆகிவிடும். மூன்றாம் நாள் அந்த இலைக்கு அடியில் ஃபைட்டர் நுரைக்கூடு கட்டியிருந்ததாகப் பையன் படம் அனுப்பினான்.

மாதா கோவிலின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் அக்காவிடமிருந்து போன். “திருவிழாவுக்குச் சம்பந்தி வீட்ல எல்லாரும் வர்றாங்க. தொட்டித் தண்ணி சாக்கடை மாதிரி தெரியுது. ஒரே ஒரு தரம் கொட்டிக் கழுவிடட்டுமாடா?”

“வேணாங்கா. துணியைப் போட்டு மூடி வை” என்றேன்.