பழைய டிஜிட்டல் கேமரா வாங்கப் போறீங்களா? முதலில் பேட்டரிக் கதவைத் திறந்து பாருங்கள்

"அத்தை, வீட்டுல பழைய டிஜிகேம் ஏதாவது இருக்கா?"

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணன் மகள் அனுப்பிய செய்தி இது. பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். கையில் புதுத் திறன்பேசி. அதை விட்டுவிட்டு, நாங்கள் 2005இல் வாங்கி எப்போதோ மறந்துபோன வெள்ளிநிறக் கேமராவைக் கேட்கிறாள்.

தேடினேன். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடைத்தது. பேட்டரி மட்டும் பூரி மாதிரி உப்பியிருந்தது.

உங்களுக்கும் இந்த ஆசை வந்திருக்கலாம். கெரோசலில் தேடியிருப்பீர்கள், இல்லையென்றால் பெனின்சுலா பிளாசா பக்கக் கேமராக் கடைகளை ஒரு சுற்று சுற்றியிருப்பீர்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் பழையதைத் தேடுகிறோம்?

புதியது அதிகம் இல்லை என்பதுதான் பாதிக் காரணம். ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர்களின் சங்கம் வெளியிடும் கணக்குப்படி, 2010இல் 120 மில்லியனுக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. பெரும்பாலானவை சட்டைப்பையில் அடங்கும் கம்பேக்ட் வகை. திறன்பேசி வந்து அந்தச் சந்தையைச் சாப்பிட்டுவிட்டது. 2023இல் கம்பேக்ட் கேமராக்களின் எண்ணிக்கை 2 மில்லியனைக்கூட எட்டவில்லை. இப்போது புதிதாக வருபவற்றில் பல ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 ரகம் போல விலை உயர்ந்தவை. மாணவர்கள் பழையதைத் தேடுவதில் ஆச்சரியமில்லை.

"சிசிடி சென்சர், அதனாலதான் ஃபிலிம் மாதிரி நிறம்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நிறத்தைத் தீர்மானிப்பதில் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளுக்கும் பெரிய பங்கு உண்டு. உங்கள் திறன்பேசி ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, முகத்தைத் துலக்கிக் கொடுக்கிறது. பழைய கேமரா ஒரே ஒரு படம்தான் எடுக்கும். அது பார்த்ததுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

திறன்பேசியில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: உண்மையான ஃபிளாஷ். திறன்பேசியில் இருப்பது எல்இடி விளக்கு. கேமராவில் இருப்பது செனான் ஃபிளாஷ். சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் வெடித்து அணைந்துவிடும். கல்யாண வீட்டில் ஆடுகிறவர்கள் அசையாமல் நின்றதுபோல் பதிவாவது அதனால்தான். ஆனால் அதன் வீச்சு ஏறக்குறைய மூன்று மீட்டர். ஸூம் செய்தால் இன்னும் குறையும். பின்வரிசையில் இருந்து மேடையை எடுக்க அது உதவாது.

மெகாபிக்சல் பற்றி ஒரே வரி: 4ஆர் அளவில் தெளிவாக அச்சிட இரண்டேகால் மெகாபிக்சல் போதும். 6 மெகாபிக்சல் கேமராவை எண்ணைப் பார்த்து ஒதுக்காதீர்கள்.

பேட்டரியும் கார்டும்

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன். சில வருஷம் முன்னால் இணையத்தில் ஒருவரிடம் மலிவாக ஒரு கேமரா வாங்கினேன். சார்ஜர் இல்லை. கார்டும் இல்லை. இரண்டையும் தேடிப் பிடித்தபோது கேமராவின் விலையை நெருங்கிவிட்டேன்.

முதலில் பேட்டரிக் கதவைத் திறங்கள். உலோக முனைகளில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். அந்த மாடலுக்கு மாற்றுப் பேட்டரி இன்னும் விற்கிறதா என்று அங்கேயே நின்று தேடிப் பாருங்கள். ஏஏ பேட்டரியில் ஓடும் கேமரா என்றால் இந்தத் தலைவலியே இல்லை. கேனன் பவர்ஷாட் ஏ வரிசையில் அப்படிப் பல உண்டு. முதல்முறை வாங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கார்டு. பழைய ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம் கேமராக்கள் பலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு வேண்டும். பழைய சோனிக்கு மெமரி ஸ்டிக். கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். எஸ்டி கார்டு போடும் கேமராவே எளிது. அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. 4 ஜிபி முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் 2006இல்தான் வந்தன. அதற்கு முந்திய கேமராக்களில் பல, 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை அடையாளமே கண்டுகொள்ளாது. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, திறன்பேசியின் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அலமாரியில் பத்து வருஷம் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காவிட்டால்தான் அதிசயம். சின்ன கம்பேக்டைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆகும் செலவுக்கு இன்னொன்றே வாங்கிவிடலாம். நல்லதாகக் கிடைத்தால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

"நான் மட்டும் ஏன் கறுப்பா வந்துட்டேன்?"

எங்கள் பழைய கேமராவின் கார்டில் 2006 தீபாவளிப் படங்கள் இருந்தன. தாத்தா வெள்ளை வேட்டி சட்டையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். வேட்டி பளிச். ஜன்னல் பளிச். முகம் ஒரு நிழல். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

நம்மில் பலரிடம் இப்படி ஒரு படம் இருக்கும். தப்பு தாத்தாவின் நிறத்தில் இல்லை. கேமரா காட்சி முழுவதையும் சேர்த்துப் பார்த்து, சராசரியை ஒரு நடுச்சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஜன்னலும் வேட்டியும் ரொம்ப வெளிச்சமாக இருந்ததால், எல்லாவற்றையும் குறைத்துவிட்டது. அதில் முகமும் போய்விட்டது.

வேறு ஒரு வரலாறும் இதில் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த அட்டைகளில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். கருமையான தோல் நிறங்களைச் சரியாகக் காட்டுவதற்கென்றே கூகல் தன் திறன்பேசியில் 'ரியல் டோன்' வசதியைக் கொண்டுவந்தது 2021இல்தான். உங்கள் 2005 கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது. நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பது சுலபம். மெனுவில், அல்லது பின்பக்கப் பொத்தான்களில், கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு சின்னம் இருக்கும். முகத்துக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தாலோ, எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தாலோ, அதை +1 வரை ஏற்றுங்கள். ஜன்னல் வெளுத்துப் போகும். போகட்டும், ஜன்னலை யார் பார்க்கப்போகிறார்கள்? பின்னணி இருட்டாக இருந்து முகம் வெளிறிப்போனால் கழித்தல் பக்கம் இறக்குங்கள். இன்னொரு வழி, பகலிலும் ஃபிளாஷைக் கட்டாயம் அடிக்கவைப்பது. மின்னல் சின்னத்தில் 'ஆட்டோ' இல்லாத நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நண்பர்களோடு எடுக்கும் குழுப் படத்தில், எல்லோரையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்துங்கள். ஒரு மீட்டரில் நிற்பவருக்கு விழும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கால் பங்குதான் இரண்டு மீட்டரில் நிற்பவருக்குப் போகும். பின்னால் நிற்பவரின் நிறமும் கருமையாக இருந்தால், அவர் பல் மட்டும்தான் தெரியும். அப்புறம் வகுப்பு வாட்ஸ்அப்பில் அது ஒரு ஜோக்காகிவிடும். அந்த ஜோக்கைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பிடித்த பிறகு முழுதாக அழுத்துவதையும் பழகிக்கொள்ளுங்கள். இந்தக் கேமராக்கள் மெதுவானவை.

அண்ணன் மகள் இந்தத் தீபாவளிக்குப் பாட்டியை அதே ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, +1 வைத்து எடுத்தாள். முகம் நன்றாக விழுந்தது. பாட்டிக்குத்தான் திருப்தி இல்லை: "நரை எல்லாம் தெரியுதே!"

வாங்கியது ஓடவில்லை என்றால்?

சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் 'லெமன் லா' விதிகள், கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கேட்கலாம். பொருளின் வயதும் விலையும் கணக்கில் வரும் என்பதால் புதுசு போலவே எதிர்பார்க்க முடியாது. கடை ஒத்துவரவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். ஆனால் இணையத்தில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. நேரில் சந்தித்து, உங்கள் கார்டையே போட்டு, ஃபிளாஷ், ஸூம் இரண்டோடும் நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வீட்டுக் கேமராவையே எடுக்கிறீர்களா? தேதியைச் சரிசெய்யுங்கள்; இல்லாவிட்டால் புதுப் படங்கள் உங்கள் ஆல்பத்தில் பழைய வருஷத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கார்டை உடனே 'ஃபார்மட்' செய்துவிடாதீர்கள். ஒரு கார்டு ரீடரில் போட்டு, இருப்பதை எல்லாம் முதலில் நகலெடுத்துவிடுங்கள். எங்கள் கார்டில் 212 படங்கள் இருந்தன. அதில் பதினொன்றில் தாத்தா இருக்கிறார்.